உக்லிச்: ஒரு சிறுவனின் கையில் என்ன இருந்தது?

மாஸ்கோவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே கோடையில் ஓடும் ஆற்றுக் கப்பல்கள் உக்லிச்சில் நின்று போகும். பயணிகளுக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று மணி நேரம். வரிசையாக இறங்குவார்கள். வழிகாட்டியின் பின்னாலேயே சிவப்புத் தேவாலயத்துக்குப் போவார்கள், அங்கே ஒரு மணியைப் பார்ப்பார்கள், திரும்பும் வழியில் கடைவரிசையில் ஒரு 'சாய்கா' கைக்கடிகாரத்தைப் பேரம் பேசி வாங்குவார்கள், கப்பல் ஊதியதும் ஏறிவிடுவார்கள். கடிகாரம் நல்ல கடிகாரம்தான். இந்த ஊர்த் தொழிற்சாலையின் பெயர் பெற்ற சரக்கு அது. 1963-ல் வாலெந்தினா தெரஷ்கோவா விண்வெளியில் வைத்துக்கொண்ட அழைப்புப் பெயரும் சாய்காதான். ஆனால் மூன்று மணி நேரத்தில் உக்லிச்சைப் பார்த்து முடிக்க முடியாது. அங்கே நடந்தது ஒரு சாவு. அதற்கு எழுதப்பட்ட கதைகள் பல. ஒவ்வொன்றையும் கேட்கவே நேரம் பிடிக்கும்.

மாஸ்கோவில் வேலை பார்க்கும் என் நண்பன் ரஷ்ய மொழி சரளமாகப் பேசுவான். அவனோடு பேருந்தில் போனேன். மாஸ்கோவிலிருந்து வடக்கே இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. செர்கியெவ் பொசாத் வரை சாலை நிறைய வண்டிகள், அப்புறம் பிர்ச் மரங்களும் வெற்று வயல்களும்தான். கல்யாஸின் ஊரைத் தாண்டும்போது நண்பன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "கோபுரத்தப் பாக்கணும்னா இங்க இறங்கணும்டா, திரும்பி வரும்போது பாத்துக்கலாம்" என்றான். அந்தக் கோபுரத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உக்லிச்சில் இப்போது முப்பதாயிரம் பேருக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். வோல்கா ஆறு வளையும் இடத்தில் ஊர். எழுத்தில் கிடைக்கும் முதல் குறிப்பு 1148-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் 937-லேயே ஊர் பிறந்துவிட்டது என்பார்கள். அது செவிவழிக் கதை. நடுவே கிரெம்ளின், அதாவது ஊர்க்கோட்டை. கிரெம்ளின் என்றதும் மாஸ்கோவின் சிவப்பு மதில் நினைவுக்கு வரும், ஆனால் இங்கே மதிலே இல்லை. ஒரு பக்கம் ஆறு, சுற்றி ஓர் ஓடை, நடுவில் மரங்களும் சில கட்டடங்களும். பூங்கா என்று சொன்னால் நம்பிவிடலாம்.

அந்தக் கட்டடங்களில் பழையது செங்கல்லால் கட்டிய ஒரு சிறிய மாளிகை. 1480-களில் ஆந்திரேய் என்ற இளவரசர் கட்டியது. முழு அரண்மனை போய்விட்டது, மிஞ்சியது ஒரு பகுதி மட்டும். மேல் முகப்பில் செங்கல்லிலேயே பின்னல் வேலை செய்ததுபோல அலங்காரம். ரசித்துக்கொண்டு நின்றபோது நண்பன் பலகையைப் படித்துவிட்டு, "இந்தாளுக்கும் நல்ல சாவு இல்லடா" என்றான். ஆந்திரேய், மாஸ்கோவின் மூன்றாம் இவானுக்குத் தம்பி. அண்ணன் கேட்டபோது படை அனுப்பவில்லை. 1491-ல் அண்ணன் அவரை மாஸ்கோவுக்கு வரவழைத்து, அன்பாகப் பேசி, அப்படியே பிடித்து அடைத்துவிட்டார். 1493-ல் சிறையிலேயே செத்தார். அவருடைய பிள்ளைகளையும் விடவில்லை. சின்னப் பையன்களாகச் சிறைக்குள் போனவர்கள், பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தார்கள். மாஸ்கோவில் ஆட்சி செய்பவருக்கு அடுத்து நிற்கக்கூடியவர் யாராக இருந்தாலும் உக்லிச் அவருக்கு ராசியில்லாத ஊர் என்று அப்போதே தெரிந்துபோயிற்று. சரியாக நூறு ஆண்டு கழித்து அடுத்தவர் சிக்கினார். அவருக்கு வயது எட்டு.

பயங்கர இவான் என்று பெயரெடுத்த நான்காம் இவானின் கடைசிப் பிள்ளை திமீத்ரி. 1582 அக்டோபரில் பிறந்தவன். தாய் மரியா நகாயா, இவானின் கடைசி மனைவி. ரஷ்யத் திருச்சபை மூன்று திருமணங்களுக்கு மேல் ஏற்காது. ஆகவே சட்டம் பேசுகிறவர்கள், இந்தப் பிள்ளைக்கு அரியணையில் உரிமையே கிடையாது என்று சொல்ல முடியும். 1584-ல் இவான் இறந்தார். மூத்தவர் ஃபியோதர் ஜார் ஆனார். பக்திமான், உடல்நலமும் இல்லை, ஆட்சியில் ஆர்வமும் இல்லை. நாட்டை உண்மையில் நடத்தியவர் அவருடைய மைத்துனர் போரிஸ் கோதுனோவ். இரண்டு வயதுகூட நிரம்பாத திமீத்ரியையும் தாயையும் தாய்மாமன்களையும் மரியாதையாக உக்லிச்சுக்கு அனுப்பிவைத்தார்கள். அரண்மனை, வேலையாட்கள், செலவுக்குப் பணம், எல்லாம் உண்டு. கணக்குப் பார்க்க மாஸ்கோவிலிருந்து மிகயீல் பித்யகோவ்ஸ்கி என்ற அதிகாரியும் உண்டு. தாயின் பிறந்தவீட்டாரான நகோய் குடும்பத்தார் கூடுதல் பணம் கேட்பார்கள், அவர் முடியாது என்பார். தினமும் சண்டை.

1591 மே 15, சனிக்கிழமை. பழைய நாட்காட்டிக் கணக்கு. பூசை முடிந்து தாய் சாப்பிட உள்ளே போனாள். பையன் அரண்மனைக் கொல்லைப்புறத்தில் வேறு நான்கு பையன்களோடு விளையாடிக்கொண்டிருந்தான். செவிலி, பால் கொடுத்து வளர்த்தவள், படுக்கை போடுகிறவள் என்று மூன்று பெண்கள் பக்கத்தில் நின்றார்கள். விளையாட்டு, கத்தியைத் தரையில் எறிந்து குத்த வைப்பது. மழை பெய்த ஈர மண்ணில் நாம் கம்பியை எறிந்து குத்துவோமே, கிட்டத்தட்ட அதேதான். கொஞ்ச நேரத்தில் அலறல். பையன் கழுத்தில் வெட்டுக் காயத்தோடு கிடந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு கோப்பில் இருக்கிறது. விசாரணைக் குழு எழுதி வைத்த அந்தக் கோப்பு இன்றும் மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளது. முதல் சில தாள்கள் காணோம், நடுவே தாள்கள் இடம் மாறிக் கிடக்கின்றன, ஆனால் ஏறத்தாழ 140 பேருடைய வாக்குமூலம் அதில் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டுக் கிராமத்து ஆட்கள் தம் வாயால் பேசியது இவ்வளவு விரிவாக வேறெங்கே கிடைக்கும்? அருங்காட்சியகத்தில் எங்களுக்குச் சுற்றிக் காட்டிய பெண்மணி அதை வரி வரியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குளிருக்குக் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு, பள்ளி ஆசிரியை பாடம் எடுக்கும் தோரணையில் பேசினார். நண்பன் ஒரு கட்டத்தில் மொழிபெயர்ப்பதை மறந்து அவரோடு தனியாக வாதாட ஆரம்பித்துவிட்டான். தோளைத் தட்டித்தான் விஷயத்தைப் பிடுங்க வேண்டியிருந்தது.

அவர் சொன்ன வரிசை இது. தாய் ஓடிவந்தாள். வந்ததும் செவிலி வசிலிஸா வோலொகோவாவை விறகுக் கட்டையால் தலையில் அடிக்கத் தொடங்கினாள். அடித்துக்கொண்டே, உன் மகனும் பித்யகோவ்ஸ்கியின் மகனும் சேர்ந்து என் பிள்ளையைக் கொன்றுவிட்டார்கள் என்று கத்தினாள். அப்போதுதான் தேவாலய மணி அடித்தது. ஃபெதோத் என்ற மனைவியை இழந்த பாதிரியார்தான் அடித்தது. ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'வெள்ளரிக்காய்'. அரசியின் உத்தரவு, பலமாக அடி என்று சமையற்கூடத்து ஊழியர் ஒருவர் தன் பிடரியில் அறைந்து சொன்னதாக அவர் பின்னால் வாக்குமூலம் கொடுத்தார். வரலாற்றில் இடம் பிடித்த மணியோசை, பாவம், ஒரு வெள்ளரிக்காய்ப் பாதிரியார் பிடரியில் அடி வாங்கிக்கொண்டு எழுப்பியது.

மணி கேட்டதும் தீ என்று நினைத்து ஊரே ஓடிவந்தது. வந்த கூட்டத்திடம் கொலைகாரர்கள் யார் என்று கையைக் காட்டினார்கள். பித்யகோவ்ஸ்கி, அவருடைய மகன், செவிலியின் மகன் எனப் பதினைந்து பேர் வரை அன்றே அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

நான்காம் நாள் மாலை மாஸ்கோவிலிருந்து விசாரணைக் குழு வந்தது. தலைவர் வசீலி ஷூய்ஸ்கி என்ற பிரபு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷூய்ஸ்கி குடும்பத்துக்கும் கோதுனோவுக்கும் ஆகாது. ஷூய்ஸ்கியே அப்போதுதான் தண்டனைக் காலம் முடிந்து தலைகாட்டத் தொடங்கியிருந்தார். அப்படிப்பட்டவரைக் கோதுனோவ் ஏன் அனுப்பினார் என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். எதிரியையே அனுப்பினால் தீர்ப்பை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பது ஒன்று. பயந்து கிடப்பவன் சொன்னபடி எழுதுவான் என்பது இன்னொன்று. கூடவே கோதுனோவுக்கு வேண்டிய ஓர் ஆளும் குழுவில் இருந்தார்.

விளையாட்டுத் தோழர்களான நான்கு பையன்களும் ஒரே மாதிரி சொன்னார்கள்: கத்தி விளையாடினோம், அவனுக்கு அந்த நோய் வந்தது, கத்தியோடு விழுந்தான். அந்த நோய் வலிப்பு. பையனுக்கு வலிப்பு இருந்தது புதிய செய்தி இல்லை. முன்பொரு முறை வலிப்பு வந்தபோது உறவுக்காரப் பெண்ணின் கையைக் கடித்துவிட்டான். இன்னொரு முறை விளையாட்டு ஈட்டியால் தாயையே குத்தியிருக்கிறான். இதெல்லாம் சாட்சிகள் சொன்னது. இன்னொரு சங்கதியும் வெளியே வந்தது. தாய்மாமன் மிகயீல் நகோய் சொல்லி, கத்திகளையும் கட்டையையும் துப்பாக்கியையும் கோழி ரத்தத்தில் தோய்த்துச் செத்தவர்கள் பக்கத்தில் போட்டதாக ஊர்க் குமாஸ்தா ஒப்புக்கொண்டார். மாமன்களிலேயே ஒருவர் கொலை என்றார், இன்னொருவர் பையனே விழுந்து குத்திக்கொண்டான் என்றார்.

குழு எழுதிய முடிவு, விபத்து. ஜூன் 2-ஆம் தேதி மாஸ்கோவில் திருச்சபைத் தலைவர் யோவ் அதை இறைவனின் தீர்ப்பு என்று ஏற்றார். சரி, விபத்து என்றால் யாருக்கும் தண்டனை இருக்கக்கூடாது. ஆனால் மாஸ்கோ அனுப்பிய அதிகாரியைக் கொன்றது கலகம் ஆயிற்றே. தாயின் தலையைச் சிரைத்துக் கன்னியர் மடத்துக்கு அனுப்பினார்கள், மர்ஃபா என்று புதுப் பெயர் வைத்தார்கள். மாமன்கள் சிறைக்குப் போனார்கள். ஊர்க்காரர்களில் இருநூறு பேர் கொல்லப்பட்டார்கள் என்று ஊர் மரபு சொல்கிறது. நாக்கு அறுக்கப்பட்டவர்களும் உண்டு. இன்னும் பல குடும்பங்களை யூரல் மலைக்கு அப்பால் சைபீரியாவுக்குத் துரத்தினார்கள். அங்கே பெலிம் என்ற புதிய கோட்டை ஊருக்கு 1593-ல் முதல் குடிகள் கிடைத்தது இப்படித்தான்.

அப்புறம் மணி. மணியையும் தண்டித்தார்கள். கோபுரத்திலிருந்து கீழே தள்ளி, நாவைப் பிடுங்கி, தொங்கவிடும் காதுகளில் ஒன்றை வெட்டி, பொது இடத்தில் பன்னிரண்டு கசையடி கொடுத்து, சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகரத்துக்கு நாடு கடத்தினார்கள். முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. நாடு கடத்தப்பட்ட உக்லிச்காரர்களே அதை இழுத்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். 1593-ல் தொபோல்ஸ்க் போய்ச் சேர்ந்தபோது அங்கிருந்த ஆளுநர், நாடு கடத்தப்பட்டவர்களில் உயிரற்ற முதல் ஆள் என்று அதைப் பதிவு செய்தாராம். அந்தப் பதிவைச் சொல்லும்போது வழிகாட்டிப் பெண்மணி சிரித்துவிட்டார். ஆயிரம் தடவை சொல்லியிருப்பார், ஆனாலும் சிரிப்பு வருகிறது. எனக்கென்னவோ இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை. அந்த மணி அடித்தால் ஊர் கூடும். ஊர் கூடக்கூடாது என்றால் முதலில் வெட்ட வேண்டியது அதன் நாவைத்தான். ஆட்சியாளர்களுக்கு இந்தக் கணக்கு எல்லாக் காலத்திலும் நன்றாகத் தெரியும்.

இதோடு முடிந்திருந்தால் உக்லிச் ஒரு பழைய துயரச் செய்தியாகவே போயிருக்கும். 1598-ல் ஃபியோதர் வாரிசில்லாமல் இறந்தார். எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட ரூரிக் வம்சத்தின் மாஸ்கோ கிளை அவரோடு நின்றது. கோதுனோவ் ஜார் ஆனார். 1601-லிருந்து மூன்று ஆண்டு பெரும் பஞ்சம். மக்கள் காரணம் தேடினார்கள். காரணம் கிடைத்தது: குழந்தையைக் கொன்றவன் அரியணையில் இருக்கிறான். 1603 வாக்கில் போலந்துப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன், நான்தான் திமீத்ரி, சாகவில்லை, தப்பித்தேன் என்று கிளம்பினான். 1605 ஏப்ரலில் கோதுனோவ் திடீரென்று இறந்தார். ஜூனில் அந்த இளைஞன் மாஸ்கோவுக்குள் நுழைந்தான். மடத்திலிருந்து மர்ஃபாவை வரவழைத்தார்கள். அவள் ஊரறிய அவனைக் கட்டிப்பிடித்து, ஆமாம், என் மகன்தான் என்றாள். பதினான்கு ஆண்டாக மடத்தில் அடைபட்டவளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

ஷூய்ஸ்கி என்ன சொன்னார்? 1591-ல் பிணத்தைப் பார்த்து, விபத்து என்று கையெழுத்துப் போட்டவர் அவர். 1605-ல், அன்று செத்தது வேறு பையன், இளவரசர் தப்பிவிட்டார் என்றார். 1606 மே மாதம் அவருடைய ஆட்களே அந்த இளைஞனைக் கொன்றார்கள், ஷூய்ஸ்கி ஜார் ஆனார். ஆனதும் மூன்றாவது தடவை பேசினார்: திமீத்ரி 1591-லேயே செத்துவிட்டான், கோதுனோவின் ஏவலில் கொல்லப்பட்டான், அவன் புனிதன். செத்தவன் புனிதனாகிவிட்டால் இன்னொரு திமீத்ரி கிளம்ப மாட்டான் என்பது கணக்கு. கிளம்பினார்கள், இன்னும் இரண்டு பேர். அது தனிக் கதை.

அந்த 1606-லேயே உக்லிச்சில் கல்லறையைத் திறந்தார்கள். உடல் அழுகவில்லை என்று அறிவித்தார்கள். பையன் கையில் கொட்டைப்பருப்புகள் இருந்தன என்றும் சொன்னார்கள். சாகும்போது அதைத்தான் தின்றுகொண்டிருந்தானாம். 1591 கோப்பில் அதே கையில் கத்தி இருந்தது. இரண்டுக்கும் பொறுப்பு ஒரே ஆள். கத்தி இருந்தால் விபத்து, கொட்டைப்பருப்பு இருந்தால் கொலை. ரஷ்ய வரலாற்றில் 'குழப்பக் காலம்' என்று பெயர் பெற்ற அந்த ஆண்டுகளை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உக்லிச்சுக்கு அந்தக் குழப்பம் சும்மா போகவில்லை. போலந்துப் படைகள் வந்து ஊரைச் சூறையாடின. அலெக்சேய் மடத்துக்குள் ஒளிந்தவர்களையும் விடவில்லை. அந்த மடத்தில் 1628-ல் கட்டிய ஒரு தேவாலயம் இருக்கிறது. மூன்று கூர்ங்கோபுரங்கள் ஒட்டி நிற்கும். ஊர்க்காரர்கள் வைத்த பெயரே 'அதிசயம்' என்று பொருள்படும். அழகில் எனக்கு இந்த ஊரில் முதலிடம் அதற்குத்தான். கப்பல்காரர்கள் அங்கே வருவதே குறைவு.

பையன் விழுந்த இடத்தில் 1692-ல் கட்டியதுதான் சிவப்புத் தேவாலயம். செங்கல் சிவப்பு, வெள்ளை ஓரம், நீலக் குவிமாடங்களில் பொன் நட்சத்திரங்கள். உள்ளே சுவரோவியத்தில் முழுக் கதையும் இருக்கிறது. ஒரே சுவரில் கொலை, ஓடிவரும் தாய், மணி, கல்லெறியும் கூட்டம் எல்லாம் அடுத்தடுத்து. ஓவியருக்குச் சந்தேகமே இல்லை, கொலைதான். கல்லெறிகிறவர்கள் முகத்தில் வெறி இல்லை, கடமையைச் செய்கிற களை. நூறு ஆண்டுக்கு மேல் கழித்தும் ஊர் தன் கையில் பட்ட ரத்தத்துக்கு நியாயம் தேடிக்கொண்டிருந்தது என்று எனக்குப் பட்டது. நண்பனுக்கு அப்படிப் படவில்லை. "சர்ச்சுல வேற எப்படிடா வரைவாங்க?" என்றான்.

மணியும் அங்கேதான். பெரிதாக ஒன்றும் இல்லை, இடுப்பளவு உயரம். 1892-ல்தான் தொபோல்ஸ்க்கிலிருந்து திரும்பி வந்தது. ஊர்க்காரர்கள் பல ஆண்டு மனு எழுதிக் கேட்டு வாங்கியது. முந்நூறு ஆண்டில் தொபோல்ஸ்க்கில் அதற்கு நல்ல உத்தியோகம் கிடைத்திருந்தது: மணி நேரம் அறிவிப்பது. அதன்மேல் பொறித்திருக்கும் வாசகம், இளவரசர் கொல்லப்பட்டபோது அபாய அறிவிப்பாக அடித்த மணி இது, உக்லிச்சிலிருந்து நாடு கடத்தி அனுப்பப்பட்டது என்று சொல்கிறது. மணியே கொலை என்று சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் இந்தச் சாட்சி நம்பத்தக்கதா? 1677-ல் தொபோல்ஸ்க்கில் பெரிய தீ பிடித்தது. பழைய மணி அதில் உருகிப்போனது, இது பிறகு வார்த்தது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. நண்பன் இதை வழிகாட்டியிடம் நேரடியாகவே கேட்டுவிட்டான். அவர் கோபப்படவில்லை. சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "போலி இளவரசர்கள் மூன்று பேரை இந்த நாடு பார்த்துவிட்டது. ஒரு போலி மணி இருந்துவிட்டுப் போகட்டுமே" என்றார்.

இன்றைக்குப் பெரும்பாலான ரஷ்யர்கள் மனதில் கோதுனோவ்தான் கொலைகாரர். அதற்குக் காரணம் கோப்பு இல்லை. 1825-ல் புஷ்கின் எழுதிய நாடகமும் அதை வைத்து முசோர்க்ஸ்கி செய்த இசைநாடகமும்தான். இரண்டிலும் கோதுனோவ் குற்ற உணர்ச்சியில் வெந்து சாகிறார். அவ்வளவு நல்ல நாடகத்தை எந்தக் கோப்பும் ஜெயிக்க முடியாது. கோப்பை ஊன்றிப் படித்த வரலாற்றாசிரியர்களில் விபத்து என்பவர்கள் அதிகம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. 1591-ல் ஃபியோதருக்குப் பிள்ளை பிறக்கும் நம்பிக்கை இருந்தது, அடுத்த ஆண்டே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படியிருக்கப் பட்டப்பகலில், மூன்று பெண்களும் நான்கு பையன்களும் பார்க்க, கொல்லைப்புறத்தில் கொலை செய்ய ஆளனுப்பும் அளவுக்குக் கோதுனோவ் மடையர் இல்லை.

மறுநாள் அணைக்குப் போனோம். சுற்றுலாக் கையேடுகளில் இதற்குக் கடைசிப் பக்கம்தான், ஆனால் எனக்கு ஊர் முழுதாகப் புரிந்தது இங்கேதான். உக்லிச் நீர்மின் நிலையம் 1930-களில் கட்டத் தொடங்கியது, 1940 டிசம்பரில் முதல் இயந்திரம் ஓடியது. கட்டியவர்களில் பெரும்பாலோர் வோல்கா முகாம் என்ற கட்டாய உழைப்பு முகாமின் கைதிகள். மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு குளிர்காலத்திலும் வேலை. 1591-ல் இந்த ஊரிலிருந்து ஜனங்களைச் சைபீரியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1930-களில் மற்ற ஊர் ஜனங்களை இங்கே கொண்டுவந்தார்கள். அதுதான் வித்தியாசம். 1941 குளிர்காலத்தில் ஜெர்மன் படை மாஸ்கோவை நெருங்கியபோது தலைநகருக்கு மின்சாரம் தந்ததில் உக்லிச் அணைக்கும் ரைபின்ஸ்க் அணைக்கும் பெரிய பங்கு. அதை யாரும் மறுக்க முடியாது.

அணை கேட்ட விலையை ஆற்றோரம் நின்று பார்த்தால் தெரியாது. அது தண்ணீருக்கடியில் இருக்கிறது. உக்லிச்சுக்கு மேலே பக்ரோவ்ஸ்கி மடம் மூழ்கியது. இன்னும் மேலே கல்யாஸின் ஊரின் பழைய பகுதி மூழ்கியது. அங்கே தேவாலயத்தை இடித்துவிட்டு 1800-ல் கட்டிய மணிக்கோபுரத்தை மட்டும் விட்டார்கள். 74 மீட்டருக்கு மேல் உயரம். நான் பேருந்திலிருந்து தவறவிட்டது அதைத்தான். உக்லிச்சுக்குக் கீழே, ஆறு போகும் திசையில், ரைபின்ஸ்க் அணை இன்னும் பெரியது. நீர்த்தேக்கத்தின் பரப்பு ஏறத்தாழ 4,580 சதுர கிலோமீட்டர். சுமார் 1,30,000 பேர் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மொலோகா என்ற நகரமே வரைபடத்திலிருந்து போனது. தண்ணீர் மிகவும் வற்றிய ஆண்டுகளில் அதன் தெருக்கற்கள் வெளியே தெரியும்.

அணைக்குப் பக்கத்தில் கரையில் சின்னதாக ஒரு யோவான் தேவாலயம் நிற்கிறது. 1690-ஐ ஒட்டிக் கட்டியது. செபலோசோவ் என்ற வணிகர், கொலையுண்ட தன் ஆறு வயது மகனின் நினைவுக்காக எழுப்பியது. அந்தப் பையனின் சாவுக்காக யாரும் மணியை அடிக்கவில்லை, யாரும் குழு அனுப்பவில்லை, யாரும் கோப்பு வைக்கவில்லை. அப்பா மட்டும் ஒரு கோயில் கட்டினார். வாசற்படி மேல் கூரை வேய்ந்த அழகான நுழைவு மண்டபம் அதற்கு உண்டு.

மதியம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து உணவகத்தில் சூடாகக் கொஞ்சம் சூப்பும், ரொட்டியும், இந்த ஊர்ப் பெயர் போட்ட சீஸும். பாலாடைக்கட்டி ஆராய்ச்சிக்கென்று தேசிய நிறுவனமே இங்கே இருக்கிறது, சீஸை நம்பிச் சாப்பிடலாம். அங்கே உட்கார்ந்துதான் நண்பன் தன் தீர்ப்பைச் சொன்னான்.

"நீ விபத்துங்கற, அவங்க கொலைங்கறாங்க. ஏன்டா, வலிப்பு வர்ற பையன். ஏற்கெனவே அம்மாவையே குத்தியிருக்கான். அவன் கையில கத்தியக் குடுத்தது யாரு?"

கோப்பில் அந்தக் கேள்வி இல்லை. கேட்டிருக்க வேண்டிய ஷூய்ஸ்கிக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது. கோதுனோவுக்கும் கிடையாது. கேட்டால் செவிலியும் மாமன்களும் தாயும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 1606-ல் கத்தியே இல்லாமல் போய்விட்டதால் கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

"அம்மா கேட்டாளேடா" என்றேன். "ஓடி வந்ததும் யாரை அடிச்சா? கொலைகாரனையா? செவிலியைத்தான விறகுக் கட்டையால அடிச்சா?"

நண்பன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் கொலை என்று கத்தியது ஏன் என்றான். அதற்கு நான் பதில் சொல்ல, அவன் மறுக்க, சூப் ஆறிப்போனது. பக்கத்து மேசையில் இருந்த உள்ளூர்ப் பெரியவர் திமீத்ரி, ஷூய்ஸ்கி என்ற பெயர்களை மட்டும் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். எந்த நாடு என்று விசாரித்தார். இந்தியா என்றதும் நாற்காலியை எங்கள் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, கோதுனோவ்தான், அதில் சந்தேகமே வேண்டாம் என்று ஆரம்பித்தார். நான்கு மணிப் பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில்தான் கிளம்பினோம்.